நித்திரைக்கும் முறை வைத்தோம்

1

என் தம்பி பேசாலையில் இருக்கிறான். மன்னாரில் நண்டு பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கொம்பனியில் அவனுக்கு வேலை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வழக்கமான சுகம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு கேட்டான்.

“அண்ணை, எங்கட கொம்பனியில மூண்டு ஷிப்ட் வைக்கப் போறாங்களாம். காலமை, பின்னேரம், இரவு. ஏழு நாளைக்கு ஒருக்கா, கிழமைக்குக் கிழமை மாறி மாறி வருமாம். எங்கட ஆக்கள் எல்லாரும் நல்லம் எண்டுதான் கதைக்கிறாங்கள். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அவன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினான் போலிருக்கிறது. பின்னால் ஒரு கழுதை நீளமாகக் கத்தியது.

“அதென்ன, அதுவும் ஷிப்டைப் பற்றித்தான் கேட்குதோ?”

“அதுக்கு எப்பவும் இரவு ஷிப்ட்தான் அண்ணை. விடிய விடிய றோட்டில நிக்குது. கேள்வியை மாத்தாதேங்கோ.”

நான் கேள்வியை மாற்றத்தான் பார்த்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒரு வசனத்தில் அடங்காது. எங்கள் மகளின் பெயர் அதற்குள் வருகிறது. அவள் பெயர் வந்தால் நான் இன்னும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன். எழுத்தில் என்றால் நின்று நின்று சொல்லலாம். தம்பியைப் போல அங்கே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினத்தில் நாங்கள் இருக்கிறோம். குளிர்காலத்தில் சில கிழமைகள் நண்பகலிலும் சூரியன் வராது. இங்கே இருக்கும் ஒரேயொரு பெரிய தொழிற்சாலை, பண்ணையில் வளர்த்த மீனை வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறது. நானும் என் மனைவி ஜெசிந்தாவும் அங்கேதான் வேலை செய்கிறோம். அகதியாக வந்தவனுக்கு மொழி தெரியாத நாளிலேயே கையுறையும் கத்தியும் கொடுத்து, மாதம் தவறாமல் சம்பளமும் கொடுத்த இடம் அது. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. இனி எழுதப் போவதையும் அந்த நன்றியோடு சேர்த்தே வாசியுங்கள்.

நாங்கள் சேர்ந்த காலத்தில் வேலை நேரம் மாறுவதில்லை. பழைய ஆட்களுக்குப் பகல். பிந்தி வந்தவர்களுக்கு, அதாவது எங்களைப் போன்ற தமிழருக்கும் எரித்திரியர்களுக்கும், இரவு. ஜெசிந்தாவுக்கு மட்டும் பிள்ளை பிறந்த பிறகு காலை வேலை கொடுத்தார்கள். நான் வருடக்கணக்காக இரவில் மீன் வெட்டினேன். இரவு வேலை என்றால் என்றைக்கும் இரவு வேலைதான். அது எங்களை உறுத்தியது.

ஒருநாள் முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று கேட்டார். எங்களுக்காகப் பேசியவர் அந்தோனி அண்ணர். மன்னாரில் தாழ்வுபாடு என்ற ஊர்க்காரர். ஊரில் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி, இங்கே பெட்டி அடுக்குகிறார். மொழிபெயர்த்தவன் நான். ஊரில் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன் என்பதால் பேச்சுவார்த்தை என்றால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

கடலில் வளைத்துக் கரையில் நின்று இழுப்பது கரைவலை; அதை வளைக்கும் இடத்தைப் பாடு என்போம். ஒரு பாட்டில் மீன் அள்ளுப்படும், பக்கத்துப் பாட்டில் பாசிதான் வரும். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் கரையில் வெட்டுக்குத்துத்தான் நடக்கும். அதனால் முறை வைத்தார்கள். இன்றைக்கு உன் வலை, நாளைக்கு என் வலை.

“இதைச் சொல்லு தம்பி,” என்றார் அந்தோனி அண்ணர். “முறை வைச்சால் ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இல்லை. இரவு எல்லாருக்கும் வரட்டும், பகலும் எல்லாருக்கும் வரட்டும்.”

நான் சொன்னேன். முகாமையாளருக்குப் பிடித்துக்கொண்டது. எரித்திரியர்கள் மேசையில் தட்டினார்கள். பழைய நோர்வேக்காரர்களில் சிலர்கூட, நியாயம்தானே என்று தலையாட்டினார்கள்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவள் நானாட்டான் பக்கத்து விவசாயக் குடும்பம். குளத்து வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் காலத்தில் வயலுக்கு வயல் முறை வரும், சில முறை இரவில் வரும்.

“எங்கட ஐயாவுக்கு இரவுத் தண்ணி முறை வந்தால், அடுத்த நாள் வீட்டில ஒருத்தரும் அவருக்குப் பக்கத்தில போகமாட்டம். மாடுகூடப் போகாது. அது ஒரு போகம் விளையிறதுக்குள்ள நாலு தரம்தான். நீங்கள் வருசம் முழுக்கக் கேட்டு வாங்கியிருக்கிறியள்.”

“எல்லாருக்கும் சமன்தானேயப்பா.”

“ஓம், சமன். எல்லாரும் சமனாப் பைத்தியமாகலாம்.”

3

காலை, பின்னேரம், இரவு என்று கிழமைக்கொரு முறை வந்தது. முதல் சில கிழமைகள் பெருநாள் மாதிரி இருந்தன. காலை வேலை வந்த கிழமை, ஊரார் போலப் பகலில் வெளியே வந்து கடைக்குப் போனேன். மகள் ரெபேக்காவோடு மேசையில் இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன். என்னையும் ஜெசிந்தாவையும் வேறு வேறு குழுவில் போடும்படி கேட்டோம், ஒருவர் வேலையில் நிற்கும்போது மற்றவர் பிள்ளையோடு நிற்கலாம் என்று. மறுக்காமல் செய்து தந்தார்கள்.

பிறகு உடம்பு குழம்பத் தொடங்கியது. நிரந்தரமாக இரவு வேலை செய்த காலத்தில் உடம்பு அதற்கொரு வழி கண்டுபிடித்திருந்தது. இப்போது ஒரு வழியைப் பழகி முடிக்கும் முன்னே கிழமை முடிந்துவிடும். பசி வேண்டாத நேரத்தில் வரும். நித்திரை வேண்டிய நேரத்தில் வராது. குளிர்காலத்தில் வெளியே பார்த்தும் பகலா இரவா என்று தெரியாது. நான் பொல்லாதவனானேன் என்று ஜெசிந்தா சொன்னாள். அவளும் அப்படித்தான் ஆனாள், நான் சொல்லவில்லை.

அந்தோனி அண்ணர் ஒருநாள் சாப்பாட்டு அறையில் பாண் துண்டைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணர், நித்திரையோ?”

“இல்லையடா. செபம் சொல்லுறன்.”

“எந்தச் செபம்?”

“சாப்பாட்டுச் செபம்.”

“இடைவேளை முடிஞ்சுது அண்ணர். ஆமென் சொல்லிப்போட்டு வாங்கோ.”

சிரித்தோம். ஆனால் அந்த மாதத்திலேயே அவர் பெட்டிகளில் தவறான விலாசம் ஒட்டி, ஒரு பாரவூர்தி நிறைய மீன் வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. கத்தியால் கை வெட்டுப்பட்டவர்களின் தொகை கூடியது. சுகமில்லை என்று வேலைக்கு வராதவர்களின் தொகையும் கூடியது. ஒருவர் வராவிட்டால் அந்த இடத்துக்கு மற்றக் குழுவில் இருந்து ஒருவரை இழுக்க வேண்டும், அதனால் அவருடைய முறையும் குழம்பும். மேற்பார்வையாளர் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலை முழுக்கத் தொலைபேசியில் ஆள் தேடினார். நன்றாகப் பழக்கி எடுத்த இரண்டு பெண்கள் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டார்கள். இதெல்லாம் முதலாளிக்கும் நட்டம்தான் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. எங்களுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தேன்.

ரெபேக்காவுக்கு ஏழு வயது. தனியே விளையாடும்போது அவள் தன்னோடு நோர்வே மொழியில்தான் பேசுவாள். எங்களோடு பேசத் தொடங்கினால் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் திங்கட்கிழமை தோறும் பிழையில்லாத தமிழில் கேட்டாள்.

“அப்பா, இந்தக் கிழமை நீங்கள் என்ன?”

இரவு என்றால் இரவு, பின்னேரம் என்றால் பின்னேரம் என்று நானும் சாதாரணமாகப் பதில் சொன்னேன்.

4

போன குளிர்காலத்தில் ஒருநாள். நான் இரவு வேலை முடித்து வந்து, வழக்கம் போலத் தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படுத்தேன். ஜெசிந்தாவுக்குக் காலை வேலை. வேலை முடிந்து வாகனத்தில் வரும் வழியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றி வருவது அவள் பொறுப்பு.

அன்று பின்னேரக் குழுவில் இருவர் வரவில்லை. ஜெசிந்தாவை அந்த வேலைக்கும் தொடர்ந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். எங்களுக்கு எவ்வளவோ உதவிய இடம், அவள் மறுக்கவில்லை. என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தாள், நான் எடுக்கவில்லை. வேலை முடிந்து புறப்பட்டுக்கொண்டிருந்த அந்தோனி அண்ணரிடம் சொன்னாள்.

“அண்ணர், போற வழியில இவரை எழுப்பிச் சொல்லிவிடுங்கோ. பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லுங்கோ.”

“அதுக்கென்ன பிள்ளை, நான் சொல்லுறன்.”

அவர் எங்கள் வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. மணியை அழுத்தக் கையைத் தூக்கியவர், அப்படியே இறக்கிவிட்டார்.

எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். இரவு கடலுக்குப் போய் வந்து படுத்தவனை எழுப்புவதில்லை. வாசலில் பிள்ளைகள் சத்தம் போட்டால் அடி விழும். மீன் வாங்க வந்த வியாபாரியும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். தேடி வந்தவர், “அவர் படுக்கிறார்” என்று வீட்டார் சொன்னால் மறு பேச்சில்லாமல் திரும்பிப் போவார். அந்தோனி அண்ணர் ஐம்பது வயது தாண்டும்வரை அப்படி வாழ்ந்தவர். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. பாவம், அவன் படுக்கட்டும், மீன் நாற்றத்தை மட்டும் கழுவிவிட்டு நானே போய்ப் பிள்ளையைக் கூட்டி வருகிறேன் என்று தன் வீட்டுக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றக் கதிரையில் இருந்தார். அவரும் முந்திய கிழமை இரவு வேலை செய்தவர்தானே. இருந்தபடியே நித்திரையாகிவிட்டார்.

பள்ளிக்கூட வாசலில் எங்களுடையதைப் போல ஒரு கறுப்பு வாகனம் நின்றிருக்கிறது. அதை நோக்கி ரெபேக்கா ஓடினாள். அவள் ஏறிவிட்டாள் என்று ஆசிரியை நினைத்தார். அது வேறு யாருடையதோ. வாகனம் போன பிறகு அவள் கொஞ்சம் நின்று யோசித்திருக்கிறாள். அம்மா வரவில்லை என்றால் அம்மா தொழிற்சாலையில்தான் இருக்க வேண்டும். துறைமுக வீதியால் நடக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் பாரவூர்திகள், மறுபக்கம் தடுப்பில்லாத கடல். இருட்டு, பனிக்காற்று. பனி அள்ளும் வாகனத்தின் ஓட்டுநர் ஒருவர் அவளுடைய சிவப்புத் தொப்பியைக் கண்டு நிறுத்தினார். ஏற்றிக்கொண்டு வந்து தொழிற்சாலை வாசலில் இறக்கினார். அந்த மனிதரின் பெயரை நான் தினமும் செபத்தில் சொல்கிறேன்.

ஜெசிந்தா இறப்பர் சப்பாத்தோடும் நீல அங்கியோடும் ஓடி வந்திருக்கிறாள்.

“ஏன் பிள்ளை இங்க வந்தனீ?”

“நீங்கள் இங்கதானே, அம்மா.”

நான் அப்போதும் நித்திரையில் இருந்தேன். மனைவி கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோதுதான் எழுந்தேன். பிள்ளையின் கன்னம் குளிரில் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று ஜெசிந்தா பிள்ளையின் தொப்பியைக் கழற்றாமலே எனக்குச் சொன்னாள்.

5

இங்கே இப்படி ஒன்று நடந்தால் பள்ளிக்கூடம், பிள்ளைகள் நலம் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். அதுதான் சட்டம். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கந்தோரின் பெயரைக் கேட்டாலே பயம். பெற்றோர் கவனிக்கவில்லை என்று கண்டால் பிள்ளையை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எங்களுக்கு இருப்பது ஒரு பிள்ளை.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்தன. ஒன்றையும் ஒத்துக்கொள்ளாதே என்றார் ஒருவர். அழுதுவிடாதே, அழுதால் மனநிலை சரியில்லை என்று எழுதுவார்கள் என்றார் இன்னொருவர். ஜெசிந்தா வீட்டை மூன்று தரம் கழுவினாள். நான் கடைக்குப் போய், எங்கள் வீட்டில் யாரும் தொடாத பழங்களை எல்லாம் வாங்கி மேசையில் அடுக்கினேன்.

கந்தோரிலிருந்து வந்தவர் நரைத்த தலையோடு ஒரு அம்மா. கம்பளிக் காலுறையோடு எங்கள் கதிரையில் வசதியாக இருந்தார். பழத்தட்டைப் பார்த்து ரெபேக்காவிடம், “உனக்கு இதில் எது பிடிக்கும்?” என்று கேட்டார்.

“தெரியாது. இதெல்லாம் நேற்றுத்தான் வந்தது,” என்றாள் என் மகள்.

ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா சிரித்தார். ஒரு அப்பிளை எடுத்துக் கடித்தார். பிறகு பிள்ளையோடு அறைக்குள் தனியே போய்ப் பேசினார். நாங்கள் குசினியில் அடுப்புப் பக்கம் நின்றோம்.

“வடிவா உண்மையைச் சொல்லிப்போடுங்கோ,” என்றாள் ஜெசிந்தா மெதுவாக. “கரைவலைக் கதையை மட்டும் எடுக்காதேங்கோ.”

“அதுதானேயப்பா எல்லாத்துக்கும் தொடக்கம்.”

“கரைவலையில இடம்தான் மாறினது. ஒருத்தரின்ர நித்திரையை அங்க ஆர் முறைக்கு விட்டது?”

சங்கத்தில் அத்தனை வருடம் பாடுகளின் முறையை எழுதியவன் நான். இந்த ஒரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆளுக்கு ஆள் இடம் மாறியது, மீனின் அளவு மாறியது. ஆனால் எந்த வலைக்காரனும் தன் நித்திரையைக் கிழமைக்கொரு பக்கம் திருப்பிப் போடவில்லை.

அந்த அம்மா வெளியே வந்து எங்களிடம் சொன்னார். “அப்பா பகலில் நித்திரை, அம்மா சில நாள் இரவில் இல்லை, எந்தக் கிழமை எது என்று திங்கட்கிழமை கேட்டுத் தெரிந்துகொள்வேன் என்கிறாள். கேட்டுவிட்டால் பயம் இல்லையாம். கேட்க மறந்தால்தான் பயமாம்.”

அழக்கூடாது என்ற ஆலோசனை அத்தோடு போனது.

அவர் எங்கள் மேல் குற்றம் எழுதவில்லை. பிள்ளையை நேசிக்கிறீர்கள் என்பது தெரிகிறது, ஆனால் இந்த ஒழுங்கு அவளுக்குக் கூடாது என்றார். இரண்டு விஷயங்கள் கேட்டார். வேலை நேரம் நிலையாக வேண்டும். நாங்கள் இருவரும் வர முடியாத நாளில் பிள்ளையைக் கூட்டி வர, நம்பகமான மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். இரண்டும் சரியானால் இந்த விஷயத்தை முடித்துவிடலாம். அதுவரை திறந்தே இருக்கும்.

6

தொழிற்சாலையில் பேச எனக்குப் பயம். முறையைக் கேட்டு வாங்கியதே நாங்கள். இப்போது வேண்டாம் என்று எந்த முகத்தோடு போவது? வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் கந்தோர் என்ன சொல்லும் என்று என் யோசனை ஓடியது. ஜெசிந்தா என்னைத் தள்ளிக்கொண்டுதான் போனாள்.

முகாமையாளர் கேட்டு முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நானே இதை நிறுத்த வழி தேடிக்கொண்டிருந்தேன்,” என்றார். “திரும்பி வந்த பாரவூர்தி, வெட்டுக் காயங்கள், விட்டுப்போன ஆட்கள். ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டது. மாற்றினால் உங்களுக்கு அநியாயம் செய்ததாக நினைப்பீர்களே என்று பேசாமல் இருந்தேன்.”

அவர் எங்களுக்குப் பயந்திருக்கிறார், நாங்கள் அவருக்குப் பயந்திருக்கிறோம். இடையில் மீன் ஊர் மாறிப் போய்வந்திருக்கிறது.

தொழிலாளர் கூட்டம் வைத்துப் பேசினோம். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மாறாத நேரம். இரவு வேலை, கூடுதல் சம்பளத்தோடு, விரும்பிக் கேட்பவர்களுக்கு. முறை மாற விரும்பும் இளைஞர்களுக்குக் கிழமைக் கணக்கில்லாமல் மாதக் கணக்கில் மாற்றம், அதுவும் காலையிலிருந்து பின்னேரம், பின்னேரத்திலிருந்து இரவு என்று முன்னோக்கி மட்டும். பழைய ஆட்களில் சிலர் முணுமுணுத்தார்கள். எல்லோருக்கும் சமமாக இல்லைத்தான். ஆனால் காயங்கள் குறைந்தன. மேற்பார்வையாளர் மறுபடியும் மீனைப் பார்க்கத் தொடங்கினார். எனக்குக் காலை, ஜெசிந்தாவுக்குப் பின்னேரம். நாங்கள் இருவரும் வேலை நாட்களில் அதிகம் சந்திப்பதில்லை. தொழிற்சாலை வாசலில் வாகனச் சாவியைக் கைமாற்றும்போது அவள், “சோறு அடுப்பில இருக்கு” என்பாள், நான் “சரி” என்பேன். அதையும் குறையாகச் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஷிப்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு காலத்துக்கு ஒருதரம் மாறும், எந்தப் பக்கமாக மாறும், பிள்ளை உள்ளவர்களுக்கு என்ன வழி, ஒருவர் வராவிட்டால் யாரை இழுப்பார்கள் என்று முதலே கேளுங்கள். கொம்பனிக்காரருக்கும் அது நல்லதுதான் என்று பயப்படாமல் சொல்லுங்கள்.

7

மூன்றாவது ஆள்தான் கிடைக்கவில்லை. இந்த ஊரில் எங்களுக்கு இரத்த உறவு இல்லை. அந்தோனி அண்ணர் அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தொழிற்சாலையில் என்னைக் கண்டால் வேறு வழியால் போனார். ஞாயிறு பூசையிலும் பின் வரிசையில் இருந்துவிட்டு முதலில் எழுந்து போனார். பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் என்ற எண்ணத்தோடு அவர் என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு ஜெசிந்தா கோயில் வாசலிலேயே அவரை மறித்தாள்.

“அண்ணர், கந்தோருக்கு ஒரு ஆளின்ர பெயர் குடுக்க வேணும். உங்கட பெயரைக் குடுக்கப் போறன்.”

அவர் நிலத்தைப் பார்த்தார். “வேண்டாம் பிள்ளை. என்னை நம்பி ஒருக்காக் கெட்டது போதும்.”

“உங்களைத்தான் நம்புறன். பொறுப்பை மறந்து போனவர் எண்டால் கேட்கமாட்டன். நீங்கள் இவரின்ர நித்திரைக்கு இரக்கப்பட்டனீங்கள். இனி இவருக்கு இரக்கப்படாதேங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். நான், “ஓம் அண்ணர், படாதேங்கோ” என்றேன். ரெபேக்கா அவருடைய குளிர்மேலங்கியின் பையைப் பிடித்து, அதற்குள் இனிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

கந்தோருக்கு மூவரும் போனோம். அந்தோனி அண்ணர் கல்யாணத்துக்குப் போவது போலக் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு மொழி போதாது என்பதால் நான் மொழிபெயர்க்க ஆயத்தமானேன். அந்த நரைத்த தலை அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, அவரிடமே மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களில் கேட்டார்.

“இன்னொரு நாள் இதே செய்தியோடு போகிறீர்கள். கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே நித்திரை. என்ன செய்வீர்கள்?”

“எழுப்புவேன்,” என்றார் அந்தோனி அண்ணர், நோர்வே மொழியில்.

“எழும்பாவிட்டால்?”

“எழும்பும் வரைக்கும் எழுப்புவேன்.”

“அவருக்குக் கோபம் வந்தால்?”

அதற்கான சொற்கள் அவரிடம் இல்லை. தமிழில் என் பக்கம் திரும்பிச் சொன்னார். “வரட்டுமே. இதைச் சொல்லிவிடு அவவுக்கு.”

நான் சொன்னேன். அந்த அம்மா எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மேசையில் திறந்து கிடந்த கோப்பை மூடி, எழுந்து, முதலில் அந்தோனி அண்ணருக்குத்தான் கை கொடுத்தார்.